மரியாதைக்கும் டயர் தேயும்

வைகாசி வளர்பிறை முகூர்த்த நாள். பெருந்துறையில் நித்திலன் தன் காரைக் குளிப்பாட்டித் துடைத்து, அதன் நெற்றியில் சந்தனம் வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சூட்டினார். அவருடைய மனைவி வர்ஷினி பின்னிருக்கையில் பட்டுத் துண்டு விரித்து, அதன்மேல் பழத்தட்டை வைத்து, தட்டுக்கு இருக்கைப் பட்டையை மாட்டிவிட்டாள். காங்கேயத்தில் அவளுடைய பெரியப்பா மகன் புது வீடு குடிபோகிறார். அதற்குத்தான் கார் கிளம்பிக்கொண்டிருந்தது.

“போயி வாசலுக்கு நேரா மொத வரிசைல நில்லு. போன தடவையாட்டம் வேலியோரத்துல ஒதுங்கி நின்னு என்ற மானத்த வாங்காதே,” என்றாள் வர்ஷினி.

“செரிங்க அம்மிணி. போயிட்டு வந்தர்றனுங்க,” என்றது கார்.

கார் தெருமுனை திரும்பிப் போனது. உள்ளே ஈ காக்கை இல்லை. கணவனும் மனைவியும் வீட்டுக்குள் வந்து, கூடத்தில் கிடந்த நிழல்மணையின் மேல் ஏறி நின்றார்கள். அது வட்டமான ஒரு பலகை. அதன்மேல் நிற்பவரின் உருவம் ஒளியாகப் புறப்பட்டு, எந்த ஊர் விசேஷத்துக்கு அழைத்திருக்கிறார்களோ அங்கே போய் நிற்கும், பேசும், சிரிக்கும், அட்சதையும் போடும். போட்ட அட்சதை யார் தலையிலும் விழாது என்பது ஒன்றுதான் குறை. வர்ஷினி இடுப்புக்கு மேலே பட்டும் நகையுமாக இருந்தாள். மணை அதற்குக் கீழே காட்டாது என்பதால் நித்திலன் கட்டியிருந்தது பழைய கட்டம்போட்ட லுங்கி.

இப்படி ஒரு வழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் கார்கள் புகை விடுவதில்லை. ஆனாலும் காரை ஓட்டும் மின்சாரம் எங்கோ ஓரிடத்தில் எதையோ எரித்துத்தான் வந்துகொண்டிருந்தது. டயர் தேய்ந்த தூளும் காற்றில்தான் கலந்தது. இதையெல்லாம் கூட்டி வந்த பாரத்துக்குக் கரிச்சுமை என்று பெயர் வைத்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு வரம்பு கட்டினார்கள். மனிதர்கள் அலையாமல் இருந்தாலே பாதிச் சுமை குறைந்துவிடும் என்று கணக்குப் போட்டு, வீட்டுக்கு ஒரு நிழல்மணையையும் கொடுத்தார்கள்.

கொங்கு நாட்டு ஜனங்கள் சொன்னதைக் கேட்கிறவர்கள். மணையை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள். முதல் வருஷம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு கோபிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், மண்டபம் நிறைய நிழலுருவாக நின்ற கூட்டத்தில் ஒருவர் வாசலை எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, ஒரு வண்டிகூட நிக்கலியே! எழவு ஊட்லகூட நாலு வண்டி நிக்குமே!” என்றார். பெண்ணைப் பெற்றவருக்கு முகம் செத்துப் போயிற்று. அடுத்த முகூர்த்தத்தில் பெண்ணின் தாய்மாமன் தன் காரை மட்டும் அனுப்பி வைத்தார். ஆள் வந்த மாதிரியும் ஆயிற்று, அலைந்த மாதிரியும் ஆகவில்லை. ஊரோடு ஒத்து வாழ்கிற ஊர்கள் அவை. பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் அதையே செய்தார்கள்.

நாளடைவில் முறைகளும் பிறந்தன. தாய்மாமன் கார் வாசலுக்கு நேரே நிற்க வேண்டும். பங்காளிகள் கார் அதற்கடுத்த வரிசை. தாலி கட்டுவதற்கு முன் கிளம்பிப் போகிற கார் சண்டைக்கு அடி போடுகிறது என்று அர்த்தம். திரும்பி வரும்போது ஒவ்வொரு காரும் ஒரு தாம்பூலப் பையைச் சுமந்து வரும். பையில் ஒரு தேங்காயும் ஒரு லட்டும் இருக்கும். நிழலுருவுக்கு வயிறு கிடையாது என்பதால், இலை போட்டுப் பந்தி வைக்கும் பழக்கம் மட்டும் யாரும் கவனிக்காமலே நின்றுபோயிற்று.

நித்திலனின் உத்தியோகம் என்ன என்பதை இப்போது சொல்லிவிடலாம். அவர் கொங்கு வட்டாரச் சாலைச்சுமை அலுவலர். வண்டிகளால் வரும் கரிச்சுமையைக் குறைப்பது அவருடைய வேலை.

அன்று அவர் அலுவலகம் போனபோது சுவரில் சென்னை ஆணையர் பவதாரிணியின் நிழலுரு காத்திருந்தது. அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பில்லை. பக்கத்தில் தமிழ்நாட்டு வரைபடம் மின்னியது. எல்லா வட்டாரமும் பச்சை. நடுவில் கொங்கு மட்டும் கத்தரி வெயிலில் நடந்து வந்தவன் முகம் மாதிரி சிவந்து கிடந்தது.

“சென்னையில எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே பக்கம் போவாங்க. ஆபீஸ் நேரத்த மாத்தினோம், சரியாப் போச்சு. மதுரை ராத்திரி பூரா முழிச்சிருக்கும். வண்டிக்கு மின்சாரம் ஏத்தறத பகலுக்கு மாத்தினோம், அதுவும் சரியாப் போச்சு. திருநெல்வேலியில ஒருத்தர் ஊருக்குப் போனா ஏழு பேரு ஸ்டேஷன் வரைக்கும் வழியனுப்பப் போவாங்க. தெருவுக்குத் தெரு வழியனுப்பு மேடை கட்டிக் குடுத்தோம், அங்கேயே அழுதுட்டுத் திரும்பிடறாங்க. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு போக்கு, அதுக்குத் தக்க ஒரு வைத்தியம். உங்க ஊரு நோய் மட்டும் எனக்குப் பிடிபடல, நித்திலன். முகூர்த்த நாள்ல சுமை மூணு மடங்கு ஏறுது. ஆனா ஜனங்க வீட்டை விட்டு வெளியவே வரல. எப்படி?”

“எனக்கும் அதானுங்க புரியல. வெசாரிச்சுட்டே இருக்கறனுங்க,” என்றார் நித்திலன். அவர் பொய் சொல்லவில்லை.

“ஆனி மாசக் கணக்கு வரம்புக்குள்ள வரணும். வரலேன்னா ஆவணி பூரா உங்க வட்டாரத்துல சாலை அடைப்பு. ஒரு தனி வண்டி நகரக் கூடாது. கதவே திறக்காது. என் கையில ஒண்ணும் இல்ல, சட்டம் அப்படி.”

நிழலுரு மறைந்தது. நித்திலன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆவணியில்தான் அவருடைய ஒரே மகள் தெய்வாத்தாளுக்குக் கல்யாணம். பழைய காலத்துப் பெயர்களைத் தேடிப் பிடித்து வைப்பதுதான் அவள் பிறந்த சமயத்து நாகரிகம். மாப்பிள்ளை தாராபுரத்துக்காரர். மன்னார்க் கடல்மேல் மிதக்கும் காற்றாலை நகரத்தில் வேலை. அந்த ஆவணி மாதம் மட்டும்தான் கரைக்கு வர விடுப்பு. விட்டால் அடுத்த விடுப்புக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். தாராபுரத்துக்கு ரயில் அப்போதும் வந்திருக்கவில்லை. சாலையை அடைத்துவிட்டால் மாப்பிள்ளை வருவதற்கு வழியே கிடையாது. நிழல்மணையில் நின்று தாலி கட்டலாமே என்றால், அதையும் முன்பு ஒருவர் முயன்று பார்த்திருக்கிறார். எத்தனை தரம் போட்டும் முடிச்சு விழவில்லை.

நித்திலன் காரியத்தில் இறங்கினார். வண்டிகளின் மூளையில் யாரோ விஷமம் செய்திருக்கிறார்களா என்று பார்த்தார். இல்லை. காலி வண்டிகளைத் திருடி ஓட்டுகிற கூட்டம் உண்டா என்று காவல் துறையைக் கேட்டார். இல்லை. கடைசியில் விஜயமங்கலம் சாலையில் தானே போய் நின்று ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி விசாரிப்பது என்று முடிவு செய்தார். துணைக்கு வழிகாணியை அழைத்துக்கொண்டார். வழிகாணி என்பது எல்லா வட்டாரத்துச் சாலைகளையும் மேற்பார்க்கும் செயற்கை அறிவு. தலைமையகத்தில் செய்தது என்பதால் அச்சடித்த தமிழில் பேசும். நித்திலனின் சட்டைப் பொத்தானில் அதன் கண்ணும் காதும் வாயும் இருந்தன.

அன்றும் முகூர்த்த நாள்தான். முதலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

“எங்க போறே?” என்றார் நித்திலன்.

“ஊத்துக்குளில கண்ணாலமுங்க.”

“உள்ள ஆரையும் காணமே?”

“அவிங்க ஊட்ல இருக்கறாங்க. மரியாதைக்கு என்னைய அனுப்பிச்சிருக்கறாங்க.”

“அட, மரியாதை வண்டியா! போ, போ. நேரமாச்சு,” என்று கையசைத்து அனுப்பினார். அடுத்தது காதுகுத்துக்குப் போகிற கார். அதற்கடுத்தது துக்கம் கேட்கப் போகிற கார். அதன் சன்னல்களை மரியாதையாக இறக்கி வைத்திருந்தார்கள். அதன் பின்னாலேயே ஒரு கார் மாமன் சீரோடு வந்தது. எல்லாவற்றையும் வழிவிட்டு அனுப்பிய நித்திலன், காலி வண்டி ஏதாவது வருகிறதா என்று புருவத்தின்மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது.

“ஒண்ணுகூட மாட்ட மாட்டேங்குதே,” என்று சலித்துக்கொண்டார்.

“ஐயா,” என்றது வழிகாணி. “காலையிலிருந்து உங்களைக் கடந்து சென்ற வண்டிகள் எல்லாமே காலி வண்டிகள்தாம்.”

“அதெல்லாம் மரியாதை வண்டி. அது எப்படிக் கணக்குல வரும்?”

“எந்தக் கணக்கில் வராது, ஐயா?”

“சோலியா போறது, ஊர் சுத்தப் போறது, இதெல்லாம் போக்குவரத்து. இது மரியாதை. மொறை. இதப் போயி வண்டி ஓடுதுன்னு ஆராச்சும் சொல்லுவாங்களா?”

வழிகாணிக்குக் கோபம் வராது. அப்படிச் செய்திருந்தார்கள். “மரியாதைக்கும் டயர் தேய்கிறது, ஐயா,” என்றது.

எதிரே இன்னொரு கார் வந்து நின்று, “கும்புடறனுங்க,” என்றது. நெற்றியில் சந்தனம், கழுத்தில் மல்லிகை. அது நித்திலனின் சொந்தக் கார். பெரிய மச்சான் வீட்டு வளைகாப்புக்கு வர்ஷினி அனுப்பியிருந்தாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருக்குத் தன் கார் தெரியாமல் போயிருந்தது. நோயைக் கண்டுபிடித்த நிம்மதியும், அது தன் வீட்டுக் கொட்டகையிலேயே குடியிருந்த வெட்கமும் ஒன்றாக வந்தன. சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார்.

ஆனால் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது வர்ஷினி சிரிக்கவில்லை.

“காலி வண்டி ஓடக் கூடாதுன்னு உத்தரவு போடப் போறீங்களா? ஏனுங்க, பதனஞ்சு வருசமா நம்ம வண்டி போகாத வாசல் உண்டா? பாம்பு கடிச்சுச் செத்த மாட்டுக்குக்கூட அனுப்பிச்சிருக்கறோம். இப்பத்தான் நம்ம ஊட்ல ஒரு விசேசம் வருது. அத்தனை வாசல்ல போய் நின்ன வண்டிக்குப் பதில், நம்ம வாசல்ல நாலு வண்டி நிக்க வேண்டாமா? சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்து பாத்தா, நாதியத்த குடும்பம்னு நெனைக்க மாட்டாங்களா?”

“உத்தரவு போடாட்டி ரோட்ட அடச்சுருவாங்க அம்மிணி. மாப்பளையே வர முடியாது.”

“மாப்பள வந்து என்ன பண்றது, மொட்ட வாசல்லயா எறங்குவாரு?”

நித்திலன் இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார். உத்தரவு போட்டால் வாசல் காலி, போடாவிட்டால் மணவறை காலி. ஊர்க்காரர்கள் உத்தரவை மதிப்பார்களா என்பது வேறு சந்தேகம். காலி வண்டி ஓடக் கூடாது என்றால் சோளக்காட்டுப் பொம்மையை உள்ளே உட்கார வைத்து அனுப்புகிற ஆட்கள் அவர்கள். அதை அவர் நன்றாக அறிவார், ஏனென்றால் அந்த யோசனை முதலில் அவருக்கே வந்தது.

சாயப்பட்டறையில் தண்ணீர் சுத்தம் பார்க்கும் வேலையிலிருந்து திரும்பிய தெய்வாத்தாள் இருவர் முகத்தையும் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். கல்யாணப் பெண் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, “ஏம்ப்பா, வாசல்ல நிக்கற வண்டிய நீங்க எப்படிப்பா அடையாளம் கண்டுபிடிப்பீங்க?” என்று கேட்டாள்.

“அதென்ன கேள்வி? நம்பரப் பாத்துத்தான். வண்டியெல்லாம் இப்ப பல்லி முட்டையாட்டம் ஒரே மாதிரிதான இருக்குது.”

“அப்ப வந்திருக்கறது ஆருன்னு சொல்றது அந்த நம்பர் பலகைதான? மீதி வண்டி அதுக்குப் பொறத்தால சும்மா வந்து நிக்குது. அந்தப் பலகைய மட்டும் கழட்டி அனுப்பச் சொல்லுங்க.”

நித்திலன் எழுந்து போய் அவள் தட்டில் நெய் ஊற்றினார்.

காரணம் இல்லாமல் இல்லை. கொங்கு நாட்டில் எண்பலகை என்றால் லேசுப்பட்ட விஷயமல்ல. ஒரே எண் நான்கு முறை வருவது, கூட்டினால் ஒன்பது வருவது என்று தவம் கிடந்து வாங்குவார்கள். நகல் பலகை அனுப்பலாம் என்று சொல்லிப் பார்த்ததில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. “நகல் வந்தா நாங்க வந்ததா அர்த்தமுங்களா? அசலத்தான் அனுப்புவோம்,” என்றார்கள். நித்திலனுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். பலகையைக் கழற்றிய காரைச் சட்டப்படி தெருவில் எடுக்க முடியாது. மரியாதை ஊருக்குப் போனால் கார் கொட்டகையில் கிடக்க வேண்டியதுதான்.

பலகைகளைச் சேகரித்துக்கொண்டு போக ஒரே ஒரு வண்டி போதும். நூல் மூட்டை ஏற்றும் நீளமான சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்தார். ஆனால் மரியாதையை மூட்டை மாதிரி அடுக்க முடியுமா? ஒவ்வொரு பலகைக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்றார்கள். மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகை ஒன்றிலிருந்து ஐம்பது இருக்கைகளைப் பெயர்த்து வந்து வரிசையாகப் பொருத்தினார்கள். அதற்குப் பலகை வண்டி என்று பெயராயிற்று. ஆனி முதல் முகூர்த்தத்தில், சந்தனம் வைத்த ஐம்பது எண்பலகைகள் இருக்கைப் பட்டை மாட்டிக்கொண்டு சென்னிமலைக்குக் கல்யாணத்துக்குப் போயின. மண்டப வாசலில் கம்பி கட்டி அவற்றை முறைப்படி தொங்கவிட்டார்கள். தாய்மாமன் பலகை நடுவில் நின்றது. எல்லோருக்கும் திருப்தி.

கரிச்சுமை சரிந்தது. வரைபடத்தில் கொங்கு நாடு ஆரஞ்சுக்கு வந்தது.

இரண்டாவது முகூர்த்தத்தில் ஒரு வில்லங்கம். குன்னத்தூர் சஷ்வந்தின் பலகையை, அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி ஆரவின் பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். சஷ்வந்த் கொதித்துப் போனார்.

“என்ற பலகைய அவன் பலகையோட ஒரசிட்டுப் போக உடமாட்டனுங்க. நானே கூடப் போறன். மடில வெச்சுட்டுப் போறன்!” என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். செய்தி ஆரவுக்குப் போயிற்று. அவன் பலகை மட்டும் ஆளோடு போவதா என்று அவரும் வந்து ஏறினார். வழியெல்லாம் இருவரும் சண்டை போட்டார்கள். ஊத்துக்குளி தாண்டும்போது சண்டை பழைய கதையாக மாறிற்று. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரே பொட்டலத்திலிருந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள்.

இது ஊரெல்லாம் பரவிற்று. எப்படியும் வண்டி போகிறது, இருக்கையும் இருக்கிறது, பலகையை மடியில் வைத்துக்கொண்டால் நாமும் போகலாமே என்று ஒருவர் இருவராக ஏறத் தொடங்கினார்கள். சன்னலோர இருக்கைக்குத் துண்டு போட்டார்கள். பாட்டுப் பாடினார்கள். மருமகளைப் பற்றி மாமியாரிடமும் மாமியாரைப் பற்றி மருமகளிடமும் நேரிலேயே பேசிக்கொண்டார்கள். ஆனி முடிந்தபோது வரைபடத்தில் கொங்கு நாடு பச்சைப் பசேலென்று நெல்வயலாகத் தெரிந்தது. சாலை அடைப்பு இல்லை என்று ஆணையர் அறிவித்த அன்று நித்திலன் அலுவலகத்திலேயே அழுதுவிட்டார்.

ஆவணி வந்தது. தெய்வாத்தாள் கல்யாணத்தன்று மண்டப வாசலில் கம்பி கட்டி, பலகைகளுக்காகக் காத்திருந்தார் நித்திலன். கூடவே ஆள் வந்தாலும் வண்டிக்கு ஒருவர் இருவர்தான், அவர்களும் கட்டுச்சோற்றோடு வருவார்கள் என்பது அவர் கணக்கு. தாராபுரம் வண்டி வந்தது. பின்னாலேயே காங்கேயம் வண்டி. அதற்குப் பின்னால் கோபி வண்டி. கதவு திறந்ததும் பலகைகள் இறங்கவில்லை. ஆட்கள் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அத்தைகள், மாமன்கள், சித்தப்பாக்கள், இத்தனை வருஷமாக ஒளியாக மட்டுமே பார்த்திருந்த முகங்கள். பெரிய மச்சான் வந்து இரண்டு கையாலும் நித்திலனைக் கட்டிப் பிடித்தார். அவர் உடம்பில் வேர்வையும் திருநீறும் கலந்த வாசனை அடித்தது. நிழலுருவுக்கு வாசனை கிடையாது என்பதே நித்திலனுக்கு அப்போதுதான் தோன்றியது.

“என்ன மாப்பள, ஆளே வத்திப் போயிட்டீங்க! மணைல பாக்கறப்ப நல்லாத் தெரிஞ்சீங்க,” என்றார் மச்சான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். “பந்தி எங்க?”

நித்திலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மண்டபத்தில் சமையல்கட்டே பூட்டிக் கிடந்தது. மணமக்களுக்கும் அவருக்கும் வர்ஷினிக்கும் மட்டும்தான் இட்லி. வந்திருப்பவர்களோ நூற்றைம்பது பேர், காலையில் கிளம்பிய பசியோடு. உட்கார நாற்காலிகூட இல்லை. வர்ஷினி சேலையை இழுத்துச் செருகினாள். அத்தைகள் நான்கு பேர் அவள் பின்னால் போனார்கள். பூட்டை உடைத்தார்கள். தெருவில் இருந்த கடையிலிருந்து ரவை மூட்டை வந்தது. நூறாண்டு விஞ்ஞானமும் ஒரு துளி மாற்ற முடியாத ரவை உப்புமா அரை மணியில் இலைக்கு வந்தது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சூடு பொறுக்காமல் ஊதி ஊதித் தின்றார்கள். மாப்பிள்ளை தாலி கட்டியபோது விழுந்த அட்சதை நிஜமாகவே தலையில் விழுந்தது. கடல்நகரத்து மாப்பிள்ளை கண்ணில் ஒன்று பட்டுத் தண்ணீர் வந்துவிட்டது. எல்லோரும் அதற்கும் சிரித்தார்கள். வாசலில் நான்கு கார் நிற்காதது வர்ஷினிக்கு ஞாபகமே வரவில்லை.

அடுத்த வாரம் ஆணையர் பவதாரிணி கூப்பிட்டார். நித்திலனுக்கு அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புக்கான விருது. பலகை வண்டி எல்லா வட்டாரங்களுக்கும் போகப் போகிறது. நித்திலனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாலையில் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வழிகாணியோடு பேசிக்கொண்டிருந்தார்.

“விருதுக் குறிப்பு எழுதுவதற்காகப் பழைய பதிவுகளைத் தேடினேன், ஐயா. சொல்வதற்கு வருத்தமாக இருக்கிறது. பலரும் சேர்ந்து போகும் நீள வண்டி முன்பே இருந்திருக்கிறது. பஸ் என்று பெயர்.”

“பஸ்ஸா?” நித்திலன் அந்தச் சொல்லை நாக்கில் உருட்டிப் பார்த்தார். “நல்லாத்தான இருந்திருக்கும்? ஏன் உட்டுட்டாங்க?”

“கொஞ்சம் வசதி வந்ததும் ஒவ்வொருவராக அதிலிருந்து இறங்கிக்கொண்டார்கள். தனிக் காரில் போனால்தான் நாலு பேர் மதிப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். ஐந்து பேர் உட்காரும் காரில் ஒருவர் வீதம் உட்கார்ந்து, சாலையில் நகர முடியாமல் வரிசையாக நின்று, ஏன் இத்தனை கார்கள் என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். அப்படியொரு நூற்றாண்டு.”

நித்திலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மரியாதைக்காவா? அட கிறுக்குப் பசங்களா! அதுக்காக ஒத்த ஆளு ஒரு காரத் தூக்கிட்டு அலைஞ்சாங்களா?” கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உள்ளேயிருந்த வர்ஷினியைக் கூப்பிட்டு அவளுக்கும் சொன்னார். அவளும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கிய பிறகு வழிகாணி கேட்டது: “நாளைக்கு நீங்கள் இருவரும் முதல் முறையாகச் சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்குப் போகிறீர்கள். காலைத் தாராபுரம் பலகை வண்டியில் இரண்டு இருக்கை பதியட்டுமா?”

நித்திலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எல்லாரோடயுமா? விருது வாங்கறவன். சம்பந்தி ஊட்டுக்கு மொத மொதல்ல போறோம். கோழிக் கூடை வெச்சிருக்கறவனோட இடிச்சுட்டுப் போய் எறங்கினா அவிங்க என்ன நெனப்பாங்க?”

“அப்படியென்றால் உங்கள் காரைத் தயார் செய்யட்டுமா?”

“காரா! நல்லாக் கேட்டே போ. ஊரே பலகை வண்டில போறப்ப நாங்க மட்டும் கார்ல போனா, வக்கத்துப் போனவங்கன்னு நெனைக்க மாட்டாங்களா? தனியா ஒரு பலகை வண்டி சொல்லு.”

“எத்தனை இருக்கை, ஐயா?”

“அம்பது. கொறஞ்சா நல்லாருக்காது.”

“பயணிகள்?”

“நாங்க ரெண்டு பேருதான்.”

வழிகாணிக்குக் கோபம் வராது என்பதை முன்பே பார்த்தோம். “வண்டி கிடைப்பது கடினம், ஐயா,” என்றது. “இன்று காலையிலிருந்து ஊர் முழுவதும் இதே கோரிக்கைதான்.”

நித்திலன் மோவாயைத் தடவிக்கொண்டு கொட்டகையை ஒருமுறை நோட்டம் விட்டார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, “ஏனம்மிணி, அந்தச் செவுத்தக் கொஞ்சம் இடிச்சுத் தள்ளிக் கட்டிட்டு, நாமளே சொந்தமா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா என்ன?” என்று கேட்டார்.